ஜெர்மனியில் முதல் ஆறு வாரம்: நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்டதும் நான் சொல்வதும்

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தபோது, ஈரோட்டில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். வருகிற குளிர்காலப் பருவத்துக்கு ஜெர்மனியில் சேரப் போகிற பிள்ளைகள், கூடவே அவர்களுடைய அப்பா அம்மாக்கள். நான் கோபிக்காரி. 2016-இல் முதுநிலைப் படிப்புக்குப் போனேன், முடித்துவிட்டு அங்கேயே வேலையில் இருக்கிறேன். வருசா வருசம் புதிதாக வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளை ஸ்டேஷனில் போய்க் கூட்டி வருவேன். அன்றைக்குப் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளைப் பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டேன். இதோ பதில்கள்.

சனிக்கிழமை போய்ச் சேரும் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது. எடுக்கலாமா அக்கா? (திருப்பூர்த் தம்பி)

வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். பெரும்பாலும் பெரிய ரயில் நிலையத்துக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும்தான் திறந்திருக்கும். அதைவிட முக்கியம், விடுதிச் சாவி. சாவி கொடுக்கும் ஆள் வார நாளில், அதுவும் குறிப்பிட்ட நேரத்தில்தான் இருப்பார். சனிக்கிழமை இரவு வந்து இறங்கிய ஒரு பெண் இரண்டு நாள் லாட்ஜில் தங்க வேண்டியதாயிற்று. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விட்டது. திங்கள் அல்லது செவ்வாய் காலையில் இறங்குகிற மாதிரி பாருங்கள்.

போனதும் முதல் வேலை எது? சிம்மா, பேங்கா, காலேஜா? (பெருந்துறை, கோபி, நாமக்கல், இன்னும் பலர்)

மூன்றும் இல்லை. முகவரி.

தோட்டத்தில் மோட்டார் போட்டால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அங்கே மோட்டார் சுவிட்ச் உங்கள் முகவரிப் பதிவுதான். 'ஆன்மெல்டுங்' என்பார்கள். குடி புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் மட்டும் போதாது. 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனிக் கடிதம் ஒன்று கட்டாயம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு என்றால் நடையாய் நடக்க வேண்டும்.

போவதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். அங்கே எதற்கும் 'டெர்மின்' இல்லாமல் நடக்காது. பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பதே கஷ்டம். ஆகவே இங்கிருந்தே ஆன்லைனில் போட்டுவிடுங்கள். தள்ளித்தான் கிடைத்தது என்றால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, நேரம் வாங்கியதற்கான மெயிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிந்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள். விசாவுக்குப் பிறகு தங்கும் அனுமதி வாங்கப் போகும் அலுவலகத்தில் அதைக் கேட்பார்கள், பல பேங்குகளிலும் கேட்பார்கள். வருமான வரி எண் நீங்கள் கேட்காமலே சில வாரத்தில் தபாலில் வந்து சேரும்.

தபால் என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். போய்ப் பத்து நாளில் பேங்க் கணக்கு திறந்தேன். கார்டு வந்தது. ரகசிய எண் வரும் கடிதம் மட்டும் வரவேயில்லை. மூன்று தடவை பேங்குக்கு நடந்தேன். 'அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது' என்றார்கள். ஒன்றும் புரியவில்லை. கீழ்த்தளத்தில் வரிசையாக இருந்த தபால் பெட்டிகளில் என் பெட்டியைப் பக்கத்து அறைப் பெண்தான் காட்டினாள். எனக்கு முன்னால் இருந்தவர் பெயர் அப்படியே ஒட்டியிருந்தது. அங்கே முகவரியில் பெரும்பாலும் அறை எண், கதவு எண் எதுவும் வராது. பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே போய்விடும். அப்பாரு பெயரைச் சொன்னாலே போஸ்ட்மேன் வீடு தேடி வரும் ஊரில் பிறந்தவளுக்கு இது எப்படித் தோன்றும்?

அதனால் முதல் நாள் சாயங்காலம், பயணப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், ஒரு வெள்ளைத் தாளில் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். செலோ டேப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் என்பதையும் கவனியுங்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் இருக்கும். கடிதமெல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும். உங்கள் பெயரை மட்டும் ஒட்டினால் அப்பா பெயருக்கு வந்த கடிதம் திரும்பிப் போகும். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். நகராட்சி, பேங்க், காப்பீடு, பல்கலைக்கழகம் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே பெயரைக் கொடுங்கள்.

பிளாக்ட் அக்கவுண்டில் முழுப் பணமும் கட்டிவிட்டோம். கையிலும் தனியாகக் கொடுத்தனுப்ப வேண்டுமா? தோட்டத்தை அடமானம் வைத்துத்தான் அனுப்புகிறேன். (பெருந்துறையிலிருந்து ஒரு அப்பா)

கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் ஐயா. பிளாக்ட் அக்கவுண்ட் என்பது விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் முடக்கக் கணக்கு. அதில் 2024 செப்டம்பர் முதல் வருசத்துக்கு 11,904 யூரோ கட்டச் சொல்கிறார்கள். அது மாதம் 992 யூரோவாகத்தான் திரும்பி வரும். அதுவும் போய் இறங்கிய அன்றே வராது. அங்கே ஒரு சாதாரணக் கணக்கு திறந்து, அந்த விவரத்தைக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் முதல் தொகை வரும். அதற்குள் வாடகை, முன்பணம், பருவக் கட்டணம், காப்பீடு என்று வரிசையாக வந்து நிற்கும். என் கணக்குப்படி, வீட்டு முன்பணம் போக 1,500 யூரோவாவது தனியாக இருந்தால் பிள்ளை பதற வேண்டியதில்லை. 200, 300 யூரோ மட்டும் சில்லறை நோட்டாகக் கையில், மீதி ஃபாரெக்ஸ் கார்டில்.

இதில் மிச்சம் பிடிக்கிறேன் என்று காப்பீட்டில் கை வைக்க வேண்டாம். 30 வயதுக்குள் இருக்கும் மாணவருக்கு அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. விலை மலிவு என்று தனியார் காப்பீட்டுக்குப் போய்விட்டால், படிப்பு முடியும் வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது என்கிற மாதிரிச் சிக்கல் வரும். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டை வைத்துக் கல்லூரியில் சேரவும் முடியாது.

ரூம் கிடைக்கவில்லை. ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். (பொள்ளாச்சி)

ஏமாற்று வேலை தங்கை. ஒரு பைசா அனுப்பாதீர்கள். படத்தில் வீடு அரண்மனை மாதிரி இருக்கும், வாடகை குறைவாக இருக்கும், ஆள் மட்டும் ஊரில் இருக்க மாட்டார். வருசா வருசம் இதே கதை, பணத்தை விட்டவர்களும் உண்டு. நேரிலோ, உங்களுக்குத் தெரிந்தவர் மூலமோ பார்க்காத வீட்டுக்குப் பணம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் 'குளிர் வாடகைக்கு' மேல் கேட்கக் கூடாது. சூடேற்றும் செலவும் தண்ணீர்க் கட்டணமும் சேராத வாடகைக்கு அங்கே அப்படித்தான் பெயர். 'இங்கே முகவரி பதிய முடியாது' என்று சொன்னாலும் அந்த அறை வேண்டாம். மேலே சொன்ன எல்லாமே அங்கேயே நின்றுவிடும். பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். வரிசை நீளம்தான், ஆனாலும் நகரும்.

அம்மிச்சி ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி நெய் காய்ச்சி வைத்திருக்கிறது. எத்தனை கிலோ கொண்டு போகலாம்? (அந்தியூர்)

ஒரு ஸ்பூன்கூட முடியாது கண்ணு. வெளிநாட்டிலிருந்து பால் பொருளையும் இறைச்சியையும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அம்மிச்சி மனசு நோகும்தான், எடுத்துச் சொல்லுங்கள். கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், நாட்டுச்சர்க்கரை இவையெல்லாம் அளவாகப் போகும். அரிசியும் துவரம்பருப்பும் அங்கேயே ஆசியக் கடையில் கிடைக்கும்.

குக்கர் வாங்கும்போது அடிப்பக்கம் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பல விடுதிகளில் இண்டக்ஷன் அடுப்புதான், வெறும் அலுமினியக் குக்கர் சூடேறாது. துணியில், உள்ளே போடும் தெர்மல், பனியன், காலுறை எல்லாம் திருப்பூரிலேயே எடுங்கள். மேலே போடும் குளிர் ஜாக்கெட்டை மட்டும் அங்கே போய் வாங்குங்கள். நம்ம ஊர் ஜாக்கெட்டுக்கு அந்தக் காற்று அடங்காது.

வகுப்பு எப்படி இருக்கும்? இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் சமாளித்துவிடுவேனா? (பல்லடம்)

சமாளிப்பீர்கள். முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி சில உண்டு. அட்டவணையில் '10 சி.டி.' என்று போட்டிருந்தால் வகுப்பு 10:15-க்கு. 'எஸ்.டி.' என்றால் சரியாக 10 மணிக்கு. மதிப்பெண் தலைகீழ்: 1.0 மிக உயர்வு, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. 1.3 வாங்கிவிட்டு அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்வு விசயம்தான் நம்மவர்கள் சறுக்கும் இடம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் தேர்வு எழுதலாம் என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் பதிய வேண்டும், அதற்கொரு கெடு உண்டு, கெடு தாண்டினால் யாரும் மனசு இரங்க மாட்டார்கள். பல இடங்களில் ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பையே விட்டு வெளியேற வேண்டியதுதான். முதல் வாரமே உங்கள் துறையின் தேர்வு விதிமுறையைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

ஜெர்மன் பேசும்போது பெரியவர்களையும் அலுவலகத்தில் இருப்பவர்களையும் 'ஸீ' போட்டுப் பேச வேண்டும். 'டு' என்பது நண்பர்களுக்கு. நமக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. எந்த வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டு வளர்ந்தவர்கள்தானே.

போனதும் பார்ட் டைம் வேலை கிடைக்குமா? வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது. (சத்தியமங்கலம்)

2024 மார்ச்சிலிருந்து வருசத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். வேலை கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு மாதம் தேட வேண்டாம் என்பேன். முதல் பருவத்திலேயே இரவு வேலைக்குப் போய், காலை வகுப்பை விட்டு, இரண்டு வருசப் படிப்பை நாலு வருசமாக இழுத்தவர்கள் நிறைய. அதுதான் வீட்டுக்குப் பெரிய பாரம். ஜெர்மன் ஓரளவு வந்துவிட்டால் உங்கள் படிப்பு சார்ந்த வேலையே வரும்.

சில்லறைக் கேள்விகள்

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? தாராளமாக. சிறுவாணி ருசி இருக்காது, சுத்தத்துக்குக் குறைவில்லை. பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், கடை இயந்திரத்தில் போட்டால் பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

டி.வி.யே இல்லை, ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வந்திருக்கிறதாமே? ஏமாற்று இல்லை. வீட்டுக்கு ஒன்று கட்டியே ஆக வேண்டும். பகிர்ந்து தங்கும் வீடு என்றால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு கொடுத்தால் போதும்.

டிக்கெட் இல்லாமல் டிராமில் பிடிபட்டால் 60 யூரோ. மாணவர் பாஸ் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளித்தால் பக்கத்து அறைக்காரர் சண்டைக்கு வருவாரா? சமையலறை ஜன்னலைத் திறந்து, நடைபாதைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். புகை நடைபாதைக்குப் போனால் தீ எச்சரிக்கை மணி அடித்து விடுதியே தெருவில் நிற்கும். குளிர்காலத்திலும் தினம் இரண்டு தடவை ஜன்னலை முழுசாகத் திறந்து பத்து நிமிசம் காற்று விடுங்கள். ஈரத் துணியை அறைக்குள் காயவைத்து மூடியே வைத்திருந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், முன்பணத்தில் கழிப்பார்கள்.

அவசரத்துக்கு 112. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரவில் காய்ச்சல் என்றால் 116117.

மூத்தவன் போன வருசம் போனான். எப்போது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்மா' என்கிறான். இப்போது சின்னவளும் போகிறாள். நிஜமாகவே நன்றாக இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா)

அம்மா, இந்தச் சீட்டைத்தான் நான் பல தடவை எடுத்துப் படித்தேன்.

முதல் இரண்டு வாரம் ஓட்டத்திலேயே போய்விடும். மூன்றாவது, நாலாவது வாரம்தான் கனக்கும். ஓட்டம் அடங்கி, அறைக் கதவைச் சாத்தினால் சத்தமே இல்லாமல் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், அன்றிலிருந்து நாலரை. டிசம்பரில் சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிவிடும். நானும் அப்படியொரு நாள் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து, காய்ந்த பிரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'சாப்பிட்டேன்மா, சாதமும் ரசமும்' என்று போனில் சொன்னேன். அம்மா நம்பிவிட்டார். அவர் கேட்டதும் 'சாப்பிட்டியா, நல்லா இருக்கியா' என்பதுதான். அதற்கு ஒரே பதில்தான் வரும்.

வேறு மாதிரி கேளுங்கள். இன்று என்ன ஆக்கினாய், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், சமையலறையைக் காட்டு பார்க்கலாம். ஒரே பாத்திரம் நாலு நாளாகக் கழுவாமல் கிடந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு அழைப்பிலும் கடன் பேச்சை எடுக்க வேண்டாம், அது அவர்களுக்கு மறக்கவே மறக்காது. பக்கத்து அறைப் பிள்ளையின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாகப் படுக்கையை விட்டு எழுவதில்லை, வகுப்புக்குப் போவதில்லை என்று தெரிந்தால் திட்டாதீர்கள். பல்கலைக்கழகத்திலும் மாணவர் நல அமைப்பிலும் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, பேசியது வெளியே போகாது. 'போய்ப் பேசிவிட்டு வா சாமி' என்று நீங்கள் சொன்னால் அந்தப் பிள்ளை போகும்.

சின்னவளுக்குப் போகும் முன்னால் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரே குக்கர், இருபது நிமிசம், பூண்டும் வரமிளகாயும் தாளித்த வாசனைக்குப் பக்கத்து அறையிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு முதல் சிநேகிதி அப்படித்தான் கிடைத்தாள், தபால் பெட்டியைக் காட்டியவளும் அவளே. மூத்தவனை இன்றைக்கே கூப்பிட்டு, கடைசியாக அதை எப்போது ஆக்கினான், யாருக்குப் போட்டான் என்று கேளுங்கள்.