வால்வு வாங்கும் முன் மிதவையைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் சொந்த வீடு. வாசலில் தரைக்குள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் தொட்டி நிரம்பிய பிறகும் நிற்காமல் தெருவில் ஓடுகிறது. போர் தண்ணீரும் இதே தொட்டியில்தான் விழும். பிளம்பர் முழு செட்டையும் மாற்றணும் என்கிறார். கடைக்காரரோ ஆட்டோமேட்டிக் சுவிட்ச் வாங்குங்கள் என்கிறார். நான் ஸ்பேனர் பிடித்ததே இல்லை. என்னால் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் அந்த சுவிட்ச். அது மோட்டாரை நிறுத்தும் பொருள். மாநகராட்சி லைனில் மோட்டார் கிடையாது, தண்ணீர் தன் அழுத்தத்தில் வருகிறது. அதனால் உங்கள் தொந்தரவுக்கு அது உதவாது. போர் மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிகிறது என்றால் மட்டும் வாங்கலாம். அதேபோல், மோட்டார் தண்ணீர் ஏற்றும் மாடி டேங்கில் யாராவது மிதவை வால்வை (தண்ணீர் ஏறும்போது பந்து மிதந்து தானாக மூடும் வால்வு) மட்டும் மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள். வால்வு மூடியபின் தண்ணீர் போக வழி இருக்காது. மோட்டார் சூடாகும், பைப் ஜாயின்ட் விட்டுப்போகும்.

சரி, தொட்டிக்கு வருவோம். தண்ணீர் வரும்போது மூடியைத் திறந்து, மிதவைப் பந்தைக் கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு பந்தில். பந்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். இளநீர்க் காய் போல உள்ளே தளும்பினால் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறிவிட்டது, பந்தை மட்டும் மாற்றினால் போதும். தளும்பவில்லை என்றால் கம்பி நிமிர்ந்து, மட்டம் ஏறியிருக்கும். வழிகிற பைப்புக்கு ஓர் அங்குலம் கீழேயே தண்ணீர் நிற்கும்படி கம்பியைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளையுங்கள்.

தூக்கிப் பிடித்தும் ஒழுகுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் வாசர் என்கிற ரப்பர் வில்லைதான். தண்ணீர் வராத நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள். லைனைக் கையால் திருகி மூடும் கேட் வால்வு இருந்தால் அதையும் மூடிவிடுங்கள். பித்தளை வால்வில் கம்பி வந்து சேரும் இடத்தில் நுனி பிளந்த ஒரு பின் இருக்கும். கட்டிங் பிளையரால் நுனியை நேராக்கி இழுத்தால் கம்பி கையோடு வரும், பிறகு உள்ளே இருக்கும் பிஸ்டனும் நழுவி வரும். அதன் முனையில் சட்டைப் பித்தான் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. அதன் நடுவே வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதுவே உங்கள் தெருத் தண்ணீருக்குக் காரணம். சில ரூபாய்ப் பொருள். கடை திறக்கும்வரை அதே வில்லையைப் புரட்டிப் போட்டும் சமாளிக்கலாம்.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரில் அவ்வளவு படியாது. போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். இரண்டும் ஒரே தொட்டியில் விழுவதால் பிஸ்டன் மேல் வெள்ளைப் படிவு ஏறி, அது நகராமல் பிடித்துக்கொள்ளும். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்ரூம் ஆசிட் கூடவே கூடாது, குடிக்கிற தண்ணீர் அது. தேய்த்தபின் வாசர் போய் உட்காரும் துளையின் விளிம்பை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் திரும்ப மாட்டலாம். வெட்டு தட்டுப்பட்டால்தான் பிளம்பர் சொன்னது சரி, முழு வால்வும் மாற வேண்டும்.

அப்போது பழைய வால்வைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அரை அங்குலமா, முக்கால் அங்குலமா என்று வாயால் சொல்லி வாங்கி, மறுபடி நடப்பவர்கள் நிறையப் பேர். பித்தளையே வாங்குங்கள், ஐ.எஸ். 1703 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். குறையுள்ள பொருளை மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், அதற்குப் பில் வேண்டும்.

எல்லாவற்றையும் தொட்டி வாயிலிருந்தபடியே செய்யுங்கள். உள்ளே இறங்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் காற்று கெட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

நிமிடத்துக்கு 1 லிட்டர் வழிந்தால்கூட ஒரு நாளில் 1,440 லிட்டர். அடுத்த வீட்டில் குடம் வைத்துக் காத்திருப்பவர்களை நினைத்தாவது இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு. மேட்டில் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து பைப் வழியாக எங்கள் டேங்குக்குத் தண்ணீர் இறங்குகிறது. ஒரே வருடத்தில் இரண்டு பிளாஸ்டிக் மிதவை வால்வு போய்விட்டது. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கைக் குறை சொல்லும் முன் மேட்டின் உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் சேரும். தொட்டி 40 மீட்டர் மேலே இருந்தால் 4 கிலோ. அதைச் சாதாரண வால்வின் பந்தால் அடக்க முடியாது. 'ஹை பிரஷர்' பித்தளை வால்வு என்று கேட்டு வாங்குங்கள். அதில் துளை சின்னது, பந்தால் மூட முடியும். கேட் வால்வைப் பாதி மூடி வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். தண்ணீர் ஓடும்போது அது வேகத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் டேங்க் நிரம்பி ஓட்டம் நின்றதும் முழு அழுத்தமும் திரும்பி வால்வின் மேல் வந்து நிற்கும். இடம் இருந்தால் பாதி இறக்கத்தில் ஒரு சின்ன டேங்கும் அதற்கு ஒரு ஹை பிரஷர் வால்வும் வையுங்கள். தண்ணீர் அங்கே விழுந்து, மறுபடி புதிதாக இறங்கும். உங்கள் வீட்டு வால்வுக்குப் பாதிச் சுமைதான்.