க்ளூஜா, கொலோஷ்வாரா?

தம்பி, செப்டம்பரில் மருத்துவம் படிக்க ருமேனியாவின் க்ளூஜ் நகரத்துக்கு (ஹங்கேரியர் அதைக் கொலோஷ்வார் என்பார்கள்) வருவதாகவும், ருமேனியர், ஹங்கேரியர் இரண்டு பேருமே அந்த ஊரைத் தங்களுடையது என்கிறார்களே, யாரிடம் என்ன பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, தெருவில் யாரும் அடித்துக்கொள்வதில்லை. ஆனால் உள்ளே ஒரு பழைய காயம் இருக்கிறது. அது தெரியாமல் நான் ஒருவரை நோகடித்திருக்கிறேன்.

முதல் வருடம் ஒரு ஹங்கேரியப் பாட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒரு நாள் உருளைக்கிழங்கு மாவுக்குள் பிளம் பழத்தை வைத்து உருட்டிக்கொண்டே தேவா கோட்டைக் கதை சொன்னார். பன்னிரண்டு கொத்தனார்கள் பகலில் எழுப்பும் சுவர் ராத்திரியில் சரிந்துவிடும். யார் மனைவி முதலில் வருகிறாளோ அவளைப் பலி கொடுப்பதென்று முடிவாகிறது. கெலெமன் கொத்தனாரின் மனைவி வருகிறாள். அவளை எரித்த சாம்பலைச் சுண்ணாம்பில் குழைக்கிறார்கள்.

"இது ருமேனியக் கதையாச்சே பாட்டி!" என்று சொல்லிவிட்டேன். அர்ஜெஷ் மடாலயம் கட்டிய மேஸ்திரி மனோலே, கர்ப்பிணி மனைவி ஆனாவிடம் விளையாட்டு என்று சொல்லி அவளைச் சுற்றிச் சுவர் எழுப்பிய பாட்டை ஆபீஸில் ஒரு ருமேனிய அக்கா சொல்லியிருந்தார். பாட்டியின் கை மாவிலேயே நின்றுவிட்டது. "ஊர் போச்சு, கதையும் எங்களுடையது இல்லையா?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். 1863இல் கிரிஸா யானோஷ் என்ற பாதிரியார் ஹங்கேரிய நாட்டுப்பாடல்களைத் திரட்டி இதே ஊரில் புத்தகம் போட்டார். அடுத்த வருடமே, அதில் கெலெமன் பாட்டு உட்பட சில பாட்டுகள் ருமேனியரிடமிருந்து எடுத்தவை என்று பத்திரிகையில் ஒருவர் எழுத, பெரிய சச்சரவாகிவிட்டது. சுவருக்குள் பெண்ணை வைத்துக் கட்டும் கதையோ செர்பியர்களின் பாட்டில் ஸ்காடர் கோட்டைக்கும், கிரேக்கத்தில் ஆர்த்தா பாலத்துக்கும் உண்டு. ஒருவருக்கு மட்டும் பட்டா போட்டுத் தர முடியாத கதை அது.

நிலத்தின் கணக்கு இன்னும் கனமானது. 1918 டிசம்பர் 1 அன்று ஆல்பா யூலியா என்ற ஊரில் கூடிய ருமேனியர்கள், அதுவரை ஹங்கேரியிடம் இருந்த டிரான்சில்வேனியாவை, அதாவது க்ளூஜ் இருக்கும் இந்தப் பகுதியை, ருமேனியாவோடு இணைப்பதாக அறிவித்தார்கள்; முதல் உலகப்போருக்குப் பின் ஹங்கேரியோடு போட்ட 1920 ஜூன் 4 டிரையனான் உடன்படிக்கை அதை உறுதி செய்தது. 1940இல் க்ளூஜ் உட்பட வடபகுதி ஹங்கேரிக்குப் போய், இரண்டாம் உலகப்போருக்குப் பின் திரும்பி வந்தது. வீட்டுப்படி தாண்டாமலே நாடு மாறிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கிழவர்களின் பெற்றோர். ருமேனியர் பக்கமும் வலி குறைவில்லை: எண்ணிக்கையில் அதிகம் இருந்தும் நூற்றாண்டுகளாகப் பண்ணையடிமைகளாக, அரசியல் உரிமை இல்லாமல் கிடந்தவர்கள். அதனால் டிசம்பர் 1 தேசிய தினத்துக்கு ருமேனிய நண்பர்களை மனதார வாழ்த்துங்கள், ஹங்கேரியரிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ஜூன் 4 அவர்களுக்குத் துக்க நாள்.

நடுச்சதுக்கத்தில் குதிரைமேல் மத்தியாஸ் மன்னர் சிலை இருக்கும். 1443இல் இந்த ஊரில் பிறந்த ஹங்கேரிய அரசர். அவர் அப்பாவை ஹங்கேரியர் ஹுன்யாதி யானோஷ் என்பார், ருமேனியர் யாங்கு தே ஹுனெதோவாரா என்பார். எது சரியென்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள், கதையைக் கேளுங்கள். ருமேனியரிடம் ஊர் பெயர் க்ளூஜ், ஹங்கேரியரிடம் கொலோஷ்வார். நான் இரண்டையும் சொல்கிறேன், யாரும் கோபித்ததில்லை.

பாட்டி இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. நானே அடுப்படிக்குப் போய், "கெலெமன் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே எனக்கும் ஒரு கை மாவு கொடுத்தார்.