பதில்: ஈபிஆர்எல்எஃப்பைக் கிளர்ச்சிக் குழு என்று போடலாமா?

வணக்கம். 1980களின் ஈழ இயக்கங்களில் எவற்றைக் கிளர்ச்சிக் குழு என்று ஆய்வேட்டு அட்டவணையில் சேர்ப்பது, ஈபிஆர்எல்எஃப்பை (ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி) என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

இயக்கத்துக்கு ஒரு வரி என்று போட்டால் கடைசிவரை இழுபறிதான். இயக்கம், ஆண்டு இரண்டும் சேர்ந்து ஒரு வரியாக இருக்கட்டும். 1986இல் ஈபிஆர்எல்எஃப் இலங்கை அரசுக்கு எதிரான ஆயுதக் குழு. 1988 டிசம்பரில் அதன் வரதராஜப் பெருமாள் வடகிழக்கு மாகாண முதலமைச்சர்! அதற்குப் பிறகும் அதே முத்திரை குத்தினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். புளொட் (தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம்) இன்னும் மோசம்: 1988 நவம்பரில் அதன் ஆட்கள் மாலத்தீவு வணிகர் ஒருவருக்காக அங்கே ஆட்சியைக் கவிழ்க்கப் போனார்கள். என் கணக்கில் அது கூலிப்படை வேலை.

அளவுகோலுக்கு ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் தொகுக்கும் ஆயுத மோதல் தரவைப் பாருங்கள். பெயருள்ள அமைப்பு, எதிரில் ஓர் அரசு, தகராறு ஆட்சிக்கோ நிலத்துக்கோ, ஆண்டுக்குக் குறைந்தது 25 மோதல் சாவுகள். இந்த 25ஐ அப்படியே எடுத்தால் சின்ன இயக்கங்கள் காணாமல் போகும். நான் அதை அட்டவணையில் தனி நெடுவரிசையாக வைப்பேன்.

நம்ம தி.நகர் பாண்டி பஜாரில் 1982 மே 19 அன்று புலிகளின் பிரபாகரனும் புளொட்டின் உமா மகேஸ்வரனும் மோதிய துப்பாக்கிச் சூட்டை இந்த அட்டவணையில் சேர்க்காதீர்கள். அங்கே எதிரில் அரசு இல்லை. முதல் வரைவில் நானே அதைச் சேர்த்து, நெறியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.