முதல் சூடும் இரண்டாம் சூடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார்பன் இழை சூட்டில் நீளவாக்கில் துளி சுருங்கும், இழைகளைப் பிணைக்கும் எபாக்சிப் பிசின் விரியும், பார்த்து அடுக்கினால் ஏறக்குறைய விரிவே இல்லாத தகடு கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அப்படி ஒரு துண்டை டைலடோமீட்டரில் (சூட்டில் நீளம் மாறுவதை அளக்கும் கருவி) அளந்தோம். முதல் முறை நன்றாகவே சுருங்கியது. ஆறிய பிறகும் பழைய நீளத்துக்கு வரவில்லை. இரண்டாம் முறை வேறு எண். எதை எழுதுவது?

பொறியியல் மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவதை. மூன்றாம் முறையும் சூடேற்றி, அதே எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முதல் முறை நீங்கள் அளந்தது பெரும்பாலும் தண்ணீரை. எபாக்சி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும்; சூடு பட்டதும் ஈரம் போய்ச் சுருங்கும். ஒரு டிகிரிக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். உங்கள் தகடோ ஒரு பங்குகூட நீளாது. அவ்வளவு சின்ன எண்ணை ஈரம் சுலபமாக விழுங்கிவிடும்.

1990இல் மேலே போன ஹப்பிள் தொலைநோக்கியிலும் இதுதான் நடந்தது. அதன் இரு கண்ணாடிகளுக்கும் நடுவிலுள்ள சட்டகம் கிராஃபைட் எபாக்சி, அதாவது கார்பன் இழையும் எபாக்சியும்தான். வெற்றிடத்தில் ஈரம் ஆண்டுக்கணக்கில் கசிந்து சட்டகம் சுருங்கச் சுருங்க, சிறிய கண்ணாடியை மைக்ரான் மைக்ரானாக நகர்த்திக் குவியத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். எனக்கு இந்தத் துறைமேல் பிடிப்பு வந்ததே இதைப் படித்த நாளில்தான்.

கருவியையும் கவனியுங்கள். துண்டைத் தொடும் தண்டு உருக்கிய குவார்ட்ஸ் என்றால், அதுவே டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் அரைப் பங்கு நீளும். அளக்கும் கோல், அளக்கப்படும் பொருள் அளவுக்கு வளர்கிறது! அதனால்தான் விண்கலப் பாகங்களுக்கு ஒளி அலையையே அளவுகோலாகக் கொண்ட லேசர் இன்டர்ஃபெரோமீட்டரை நாடுகிறார்கள். அதில் வெளிச்சமும் இருளுமாய்ப் பட்டைகள் தெரியும்; நீளம் மாறினால் அவை நகரும். சிவப்பு ஹீலியம்-நியான் ஒளியில் ஒரு பட்டை நகர்ந்தால் நீளம் 316 நானோமீட்டர் மாறியிருக்கிறது என்று பொருள். 100 மில்லிமீட்டர் துண்டு, டிகிரிக்கு அரைப் பங்கு விரிவு, 50 டிகிரி சூடு என்றால் எட்டுப் பட்டைகள் நகரும், எண்ணிவிடலாம்.

முதல் எண்ணை அழிக்க வேண்டாம். க்யூர், அதாவது பிசின் இறுகுவது, முழுமையாகாத தகடும் முதல் சூட்டில் சுருங்கும். அதே தகட்டில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, சூடேற்றும் முன்னும் பின்னும் எடைபோடுங்கள். எடை குறைந்திருந்தால் ஈரம்தான். எவ்வளவு குறைந்தது என்பதையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.