வெயில் காலத்தில் டீ குடிக்கலாமா? ஐஸ் டீயை வீட்டில் நன்றாகப் போடுவது எப்படி?

தாராளமாகக் குடிக்கலாம். நான் வருடம் முழுக்கக் குடிக்கிறேன். வெயில் ஏறும் மாதங்களில் போடும் விதம் மட்டும் மாறும்.

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. டீ குடித்தால் உடம்பு வறண்டுவிடாதா, சூடு ஏறிவிடாதா என்பது ஒன்று. கசக்காமல், தண்ணியாகப் போகாமல் ஐஸ் டீ போடுவது எப்படி என்பது இன்னொன்று. முதல் சந்தேகத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இரண்டாவதில்தான்.

காஃபினுக்குச் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும் குணம் உண்டு, அது உண்மை. ஆனால் 240 மில்லி கறுப்பு டீயில் இருக்கும் காஃபின் சுமார் 45 முதல் 50 மில்லிகிராம்தான். அதோடு சேர்ந்து உள்ளே போகும் தண்ணீரை வெளியே தள்ள அந்த அளவு போதாது. 2011இல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வில், 21 ஆண்களுக்கு ஒரு நாள் நான்கு அல்லது ஆறு கப் டீயும் இன்னொரு நாள் அதே அளவு காய்ச்சிய தண்ணீரும் கொடுத்து, ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்தார்கள். நீர்ச்சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எனவே குடிக்கும் டீயையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகத் தண்ணீரை விட்டுவிட்டு டீயாகவே குடிக்க வேண்டாம்.

சூடான டீ குடித்தால் உடம்பு குளிரும் என்று சொல்வார்களே, அதிலும் பாதி உண்மை இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் 2012இல் செய்த ஆய்வில், சைக்கிள் மிதிப்பவர்களுக்குச் சூடான பானம் கொடுத்தபோது வேர்வை கூடியது; உடம்பில் தங்கிய வெப்பம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் வேர்வை முழுவதும் காய்ந்தால்தான் இது நடக்கும். காற்றில் ஈரம் நிறைந்து, வேர்வை காயாமல் முதுகில் வழிந்துகொண்டே இருக்கும் நாளில் சூடான டீ இந்த வேலையைச் செய்யாது. அப்படிப்பட்ட நாட்களுக்குக் குளிர்ந்த டீதான் சரி.

இனி ஐஸ் டீ. ஆரம்பத்தில் நான் செய்தது இதுதான்: காலையில் போட்ட டீயில் மிச்சத்தை பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால், தெளிவாக இருந்த டீ மண் கரைத்த தண்ணீர் போலக் கலங்கி நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பல நாள் கொட்டியிருக்கிறேன். உண்மையில் அது கெடவில்லை. டீ குளிரும்போது அதிலுள்ள துவர்ப்புப் பொருட்களும் காஃபினும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதப்பதால் வரும் கலங்கல் அது. டிகாக்ஷன் எவ்வளவு கடுமையோ அவ்வளவு கலங்கும். கொஞ்சம் கொதிநீர் விட்டால் கண்ணெதிரிலேயே தெளிந்துவிடும். குடிப்பதால் ஒரு கெடுதலும் இல்லை.

இன்னொரு தொந்தரவு, ஐஸ் போட்டதும் டீ நீர்த்துப்போவது. இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 200 மில்லி டீயை 80 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 175 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது, ஊற்றிய டீக்குக் கிட்டத்தட்ட சமமான தண்ணீர் கிளாஸுக்குள் வந்து சேர்கிறது. ஆகவே அந்தத் தண்ணீரையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் டீ போட வேண்டும். தேயிலையை இரட்டிப்பாக்குங்கள், ஊறும் நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரத்தைக் கூட்டினால் ருசி ஏறுவதைவிடக் கசப்புதான் ஏறும்.

எலுமிச்சை ஐஸ் டீ நான் இப்படித்தான் போடுகிறேன். இரண்டு பெரிய கிளாஸுக்கு 250 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, 8 கிராம் கறுப்புத் தேயிலையைப் போட்டு (டீ பேக் என்றால் நான்கு) மூடி, நான்கு நிமிடம் விட வேண்டும். வடிகட்டும்போது தேயிலையைக் கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம், கசப்பெல்லாம் அதில்தான் இறங்கும். இனிப்பு வேண்டுமென்றால் சூடாக இருக்கும்போதே ஒன்றிரண்டு டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும், குளிர்ந்த டீயில் சர்க்கரை அடியிலேயே தங்கிவிடும். ஒரு ஜாடியில் 250 கிராம் ஐஸைப் போட்டு, டீயை அதன் மேல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஐஸ் படபடவென்று விரிசல் விடும் சத்தம் கேட்கும். கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும்.

எலுமிச்சை பிழியும்போது கிளாஸைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக இருந்த டீ, சாறு இறங்கும் இடத்திலிருந்து தேன் நிறமாக வெளுத்துக்கொண்டே வரும். டீ நீர்த்துவிட்டதால் வரும் மாற்றமில்லை இது. கறுப்பு டீக்கு நிறம் தரும் பொருட்கள் புளிப்பு பட்டதும் வெளிறிவிடும், அவ்வளவுதான். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு இது சலிக்கவில்லை.

ஐஸ் டீ 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பிறந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்த வெயிலில் அங்கே நன்றாக விற்றுப் பிரபலமானது உண்மைதான். ஆனால் 1879லேயே அச்சான, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சமையலைச் சொல்லும் ஒரு புத்தகத்தில், பச்சைத் தேயிலையில் (கிரீன் டீ) போட்ட டீயை ஐஸ் நிறைந்த கிளாஸில் ஊற்றிக் குடிக்கும் செய்முறை இருக்கிறது.

சரி, நான் தினமும் குடிப்பது சூடான டீயும் இல்லை, சூடாகப் போட்டு ஐஸில் ஊற்றிய டீயும் இல்லை; மூன்றாவது வகை. அடுப்பே தேவையில்லை. ஒரு லிட்டர் நல்ல குடிதண்ணீரில் 10 கிராம் தேயிலையைப் போட்டு, மூடி, ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கிரீன் டீ என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம், கறுப்பு டீ என்றால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். முதலில் இலைகள் மேலே மிதக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக விரிந்து, பின்னாலேயே மெல்லிய நிறக்கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். காலையில் வடிகட்டினால் கண்ணாடி மாதிரி தெளிவான டீ கிடைக்கும், கலங்கலே வராது.

இதன் ருசி வேறு. துவர்ப்புப் பொருட்களும் காஃபினும் குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் கரையும். டீக்கு ஒரு மெல்லிய இனிப்பைக் கொடுக்கும் தியானின் என்ற அமினோ அமிலம் குளிர்ந்த நீரிலும் நன்றாகவே இறங்கிவிடும். அதனால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு குறைந்து, இலையின் வாசனை முன்னால் வருகிறது. வெந்நீரில் கசக்கும் கிரீன் டீயை ஒதுக்கிவைத்தவர்கள், இப்படி ஊறப்போட்டு ஒரு தடவை குடித்துப் பார்க்க வேண்டும். நாலைந்து புதினா இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். கசக்கிப் போட்டால் பச்சை வாடை வந்துவிடும், தட்டினாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. டீ ஜாடியை வெயிலில் வைத்து ஊறவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிர, கிருமிகள் சாகும் அளவுக்குச் சூடாகாது. அவை பெருகத் தோதான சூடு அது. ஊறவைப்பதானால் ஆரம்பத்திலிருந்தே ஃபிரிட்ஜில் வையுங்கள், ஜாடியை வெந்நீரில் கழுவுங்கள், ஒரு நாளைக்குள் குடித்து முடியுங்கள். தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பதால் மூடியும் இறுக்கமாக இருக்கட்டும்.

உடம்புக்கு என்ன நன்மை? டீயில் பாலிஃபீனால்கள் (செடிகளில் இருக்கும் ஒருவகை இயற்கைப் பொருட்கள், டீயின் துவர்ப்பும் இவற்றால்தான்) நிறைய. பிரிட்டனில் ஐந்து லட்சம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், தினம் இரண்டு கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களுக்கு இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு அது. டீதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016இல் சொன்னது. ஐஸ் டீயில் அந்தக் கவலை இல்லை.

என்னைக் கேட்டால், ஐஸ் டீயால் கிடைக்கும் பெரிய நன்மை அதில் இல்லாமல் போகும் சர்க்கரைதான். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன் அளவுக்குக் குறைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டிலில் வரும் இனிப்பு ஐஸ் டீ ஒன்றிலேயே அந்த அளவு முடிந்துவிடக்கூடும், லேபிளைத் திருப்பிப் பாருங்கள். குளிர்ந்த நீரில் ஊறிய டீக்குச் சர்க்கரையே தேவைப்படாது. நான் சர்க்கரையை விட்டது அப்படித்தான், அதற்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. டீயின் பாலிஃபீனால்கள் காய்கறி, தானியத்திலிருந்து இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கல் உருவாக வழிசெய்யும் ஆக்சலேட் என்ற பொருள் கறுப்பு டீயில் இருப்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஜாடி ஜாடியாகக் குடிக்கக் கூடாது, டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். காஃபின் ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200, இதற்குள் இருக்கட்டும். காபி, கோலாவில் வருவதும் இந்தக் கணக்கில்தான். குளிர்ந்த டீ மடமடவென்று இறங்கிவிடும் என்பதால் சாயங்காலத்துக்கு மேல் எண்ணிக் குடிப்பது தூக்கத்துக்கு நல்லது.

பால் சேர்த்த ஐஸ் டீ பிடிக்கும் என்றால், எலுமிச்சை ஐஸ் டீக்குச் சொன்ன கடுமையான டிகாக்ஷனையே ஐஸில் ஊற்றிக் குளிர்ந்த பாலைச் சேருங்கள். அதில் எலுமிச்சை கூடாது, திரிந்துவிடும். இஞ்சி வாசம் வேண்டுமென்றால் ஒரு துண்டை நசுக்கித் தண்ணீரோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்புறம் தேயிலையைப் போடுங்கள்.

மிஞ்சிய டீயை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, அடுத்த நாள் தண்ணீர் ஐஸுக்குப் பதிலாகக் குளிர்ந்த டீயில் அந்தக் கட்டிகளைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் வைத்துக் குடித்தாலும் கிளாஸின் அடியில் இருக்கும் கடைசி வாய், முதல் வாய் மாதிரியே இருக்கும்.