ஆறு நிமிடம் எங்கே போச்சு?

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த டிவிடியில் படம் 144 நிமிடம். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய டிவிடியில் அதே படம் 150 நிமிடம். தியேட்டரிலும் 150தான். ஆறு நிமிடத்தை வெட்டித் தின்ற கம்பெனியை உங்கள் பத்திரிகை தோலுரிக்குமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: உரித்துவிடலாம். ஆனால் எந்தக் காட்சியைக் காணோம் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே! இரண்டையும் பார்த்திருக்கிறீர்கள். ஆறு நிமிடம் என்பது ஒரு முழுப் பாட்டு. போயிருந்தால் தெரியாமலா இருக்கும்?

வெட்டவில்லை, விரட்டியிருக்கிறார்கள். தியேட்டரில் ஃபிலிம் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனி நிழற்படம் ஓடும். இந்தியா, இலங்கை, துபாய் எல்லாம் அன்றைக்கு 'பால்' (PAL) முறை டிவி. மின்சாரம் 50 சைக்கிள், அதில் பாதியாக விநாடிக்கு 25 பிரேம். 24 பிரேம் படத்தை அந்த முறை டிவிடியில் ஏற்றச் சுலபமான வழி, 25 பிரேம் வேகத்திலேயே ஓட்டிவிடுவது. 150ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள்: 144. ராமேஸ்வரம் டவர் வழியாகத் தூர்தர்ஷன் பார்த்தாலும், ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்தாலும் அந்தக் காலத்தில் இரண்டும் 'பால்'தான். விளம்பரத்தைக் கழித்துவிட்டு அன்றைக்கு யார் கடிகாரம் பார்த்தோம்?

காது கூர்மையானவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வேகம் கூடினால் சுருதியும் ஏறும், அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. கதாநாயகன் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்கும். சுருதியை மட்டும் கீழே இறக்கிச் சரிசெய்யும் கம்பெனிகளும் உண்டு.

அமெரிக்காவின் 'என்டிஎஸ்சி' (NTSC) டிவி முறையில் விநாடிக்கு ஏறக்குறைய 30 பிரேம்; ஒவ்வொன்றையும் இரண்டு பாதியாகக் காட்டுவதால் 60 அரைப் படங்கள். அங்கே விரட்டுவதில்லை, ஒரு ஃபிலிம் பிரேமை இரண்டு அரைப் படமாகவும் அடுத்ததை மூன்றாகவும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். 150 நிமிடப் படம் ஒன்பது விநாடி நீளும், அவ்வளவுதான். நேரம் தப்பிப் பிழைக்கிறது, அசைவு பிழைப்பதில்லை. கேமரா பாம்பன் பாலத்தை மெல்ல இடமிருந்து வலமாகக் காட்டினால் தூண்கள் விக்கி விக்கி நகரும்.

அதற்காக அமெரிக்க டிவிடி என்றாலே அசல் நீளம் என்று நம்பிவிட வேண்டாம். ஏற்கெனவே விரட்டிய 'பால்' பிரதியை எடுத்து 'என்டிஎஸ்சி'க்கு மாற்றி விற்பதும் நடக்கும். அப்போது பிரேம்களைக் கலந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்கள். படம் அதே 144 நிமிடம்தான் ஓடும், உருவங்களின் ஓரம் வேறு மங்கும். விரட்டியதற்கும் விக்கியதற்கும் சேர்த்து நாம் காசு கொடுக்கிறோம்.

கம்பெனிகளை நான் உத்தமர் என்று சொல்லவில்லை. பாட்டை வெட்டிவிட்டு, கேட்டால் "அது பால் சார்" என்று கையை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஓடும் நேரத்தை அட்டையில் அச்சடித்தால் பாதிச் சண்டை தீரும். அதைத்தான் பலர் செய்வதில்லை.

ஆகவே நீங்களே பிடியுங்கள். ஃபிலிம் காலத்துப் படமென்றால் சென்சார் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். அதை 27.4ஆல் வகுத்தால் தியேட்டர் நிமிடம் வந்துவிடும். 4115 மீட்டர் என்றால் 150. பிறகு அமெரிக்க டிவிடியில் ஐந்து நிமிடம் ஓடும் ஒரு பாட்டை துபாய் டிவிடியில் போட்டு நேரம் பாருங்கள். 4 நிமிடம் 48 விநாடி வந்தால் அந்தப் பாட்டில் யாரும் கை வைக்கவில்லை. மொத்தப் படமும் 144க்குக் கீழே இறங்கினால், எந்தக் காட்சி போனது என்று குறித்து, அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். தோலுரிப்பதை அப்போது வைத்துக்கொள்வோம்.