குலுக்கலில் வந்த 150 பேர்: பிரான்ஸ் காலநிலைக் குடிமக்கள் பேரவை பற்றிக் கேள்வி பதில்

காலநிலைக் கொள்கைக்குப் பொதுமக்களைக் கூப்பிட பிரான்ஸ் அரசுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

ஆசையாவது! பட்ட அடிதான். 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் சட்டை போட்ட போராட்டக்காரர்கள் ரவுண்டானாக்களை மறித்தார்கள். பஸ் வசதி இல்லாத ஊர்க்காரருக்கு டீசல் கார்தான் பிழைப்பு. அவரிடம் போய் எரிபொருள் மீதான கார்பன் வரியைக் கூட்டினால் சும்மா இருப்பாரா? டிசம்பரிலேயே உயர்வை நிறுத்த வேண்டியதாயிற்று. ‘மக்களையே கேட்போம்’ என்று அதிபர் மக்ரோன் இறங்கி வந்ததும், 150 பேர் கொண்ட இந்தப் பேரவையைக் கூட்டியதும் அதற்குப் பிறகுதான்.

அந்த 150 பேரும் கட்சி ஆட்களா?

இல்லை. குலுக்கல் முறையில் தொலைபேசி எண்களைத் தேர்ந்து அழைத்தார்கள். ஆண் பெண், வயது, படிப்பு, தொழில், வட்டாரம், நகரமா கிராமமா என எல்லாம் நாட்டின் மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி பொறுக்கினார்கள். 16 வயதுப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. ஒரு நாளுக்குச் சுமார் 86 யூரோ படி, போக்குவரத்துச் செலவு தனி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கூலியை விட்டுவிட்டு வருபவருக்குப் படி இல்லையென்றால், ஓய்வூதியக்காரர்களும் தன்னார்வலர்களும்தான் மிஞ்சுவார்கள்.

நிபுணர்கள் எழுதியதில் கையெழுத்துப் போட்டார்கள் என்கிறார்களே?

2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை வார இறுதிகளில் கூடினார்கள். விஞ்ஞானிகள் விளக்கினார்கள், சட்ட வல்லுநர்கள் வாசகம் அமைக்க உதவினார்கள். ஆனால் வாரத்துக்கு 28 மணி நேர வேலை என்ற யோசனையை உறுப்பினர்களே தோற்கடித்தார்கள். நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 130 கி.மீ.-லிருந்து 110 ஆகக் குறைக்கும் யோசனை தேறியது, அதுவும் சுமார் 60 சதவீத ஆதரவோடுதான். தலையாட்டிகள் இப்படியா வாக்களிப்பார்கள்?

மொத்தம் 149 பரிந்துரை. எத்தனை நிறைவேறியது?

எண்ணுவதிலேயே சண்டை. 146-ஐ ஏற்றதாக மக்ரோன் அறிவித்தார். அவர் ஒதுக்கிய மூன்றில் 110 கி.மீ. வேகமும், பங்காதாயத்தின் மீது 4 சதவீத வரியும் அடக்கம். ஏற்றவற்றின் கதி என்ன என்பதற்கு விமான விவகாரமே போதும். நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டுத் தடங்களில் விமானம் வேண்டாம் என்றது பேரவை. 2021 ஆகஸ்ட் சட்டத்தில் அது இரண்டரை மணி நேரமானது. நடைமுறையில் அடிபட்டவை பாரிஸின் ஒர்லி விமான நிலையத்திலிருந்து போகும் ஒருசில தடங்களே. கணக்கில் இதுவும் ‘நிறைவேறியது’ என்றுதான் வரும்! 2021 பிப்ரவரியில் மீண்டும் கூடிய உறுப்பினர்கள், பரிந்துரைகளை அரசு கையாண்ட விதத்துக்குப் பத்துக்கு 3.3 மதிப்பெண் போட்டார்கள்.

தேர்தலில் நிற்காதவர்கள் சட்டம் எழுதலாமா?

பரிந்துரைதான் அவர்களுடையது, முடிவு நாடாளுமன்றத்தினுடையது. ‘உங்கள் பரிந்துரைகளை வடிகட்டாமல் அனுப்புகிறேன்’ என்று மக்ரோன் வாக்குக் கொடுத்ததுதான் தப்பு.

நம் நாட்டில் இப்படி ஏதும் உண்டா?

குலுக்கல் பேரவை இல்லை. அரசு வெளியிடும் வரைவு அறிவிக்கைகளுக்குக் கருத்து அனுப்பலாம். அனல்மின் நிலையம் போன்ற திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. அதில் மக்கள் கருத்துச் சொல்வதற்கான 30 நாள் அவகாசத்தை 20 ஆகச் சுருக்கப் பார்த்தது மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு 2020. அந்த வரைவை அரசியலமைப்பின் 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொல்லி, கருத்து அனுப்பும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது டெல்லி உயர் நீதிமன்றம்.

அனுப்பினால் யாராவது படிப்பார்களா?

‘எதிர்க்கிறேன்’ என்ற ஒற்றை வரியை எண்ணிக்கையில் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். வரைவின் எந்தப் பிரிவு, அதனால் உங்கள் ஊரில் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்று தமிழிலேயே எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். சட்ட வரைவுகளுக்கு வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகம் இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2014 கொள்கை. போடவில்லையென்றால், பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) அந்தச் சுருக்கத்தைக் கேளுங்கள்.